கணினி மாறும்போது பாட்டு என்ன ஆகிறது?

2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு விண்டோஸ் 10 என்னும் இயக்கு முறைமைக்கான வழமையான பராமரிப்பை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்ட பின்னர், பத்து வருஷங்களுக்கு முன் தவணைக் கடனுக்கோ, கொழும்புக் கடையில் வேலைபார்த்த பிள்ளை அனுப்பிய பணத்தைச் சேர்த்துவைத்தோ வாங்கிய மேசைக் கணினியை ஒதுக்கிவிட்டு, ஒரு லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியம் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் ஏற்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகளையும் கல்யாணப் படங்களையும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவதில் யாருக்கும் பெரிய சிரமம் நேருவதில்லை. சிரமம் பாட்டில்தான் வருகிறது. பாட்டுகள் இருந்த கோப்புறையை அப்படியே கொண்டுவந்து வைத்து, பாட்டு கேட்கும் செயலியின் பழைய பட்டியலையும் கூடவே கொண்டுவந்து திறந்து பார்த்தால், பெயர்களெல்லாம் வரிசையாகத்தான் நிற்கின்றன. ஆனால் ஒன்றைத் தொட்டால் பாடுவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் தோன்றுகிறது. கணினி திருத்தும் கடையில் அப்போது நடக்கும் சம்பாஷணை ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“தம்பி, பாட்டெல்லாம் அழிஞ்சிருச்சா?”

“அழியலைங்க ஐயா. பாட்டு இருக்கு. அது எங்க இருக்குன்னு இதுக்குத்தான் தெரியல.”

கடைக்காரத் தம்பி சொல்லும் அந்தப் பதிலின் தாற்பரியத்தை விளங்கிக்கொண்டவர்களுக்கு இந்தக் காரியத்தில் பாதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். தோட்டத்துச் செக்ரோலில் ஒருவருடைய பெயரும், பதிவிலக்கமும், வேலை செய்த நாட்களும் எழுதப்பட்டிருக்கும். ஆள் அதற்குள் இல்லை, ஆள் தம் லயத்தில் இருக்கிறார். அவ்வண்ணமே, ஐடியூன்ஸ் போன்ற செயலிகள் தம்முடைய ‘லைப்ரரி’ என்று நமக்குக் காட்டுவது பாட்டுகளை அன்று. பாட்டுகளைப் பற்றிய ஒரு பதிவேட்டை மாத்திரமே. எந்தப் பாட்டு எந்தத் தட்டில், எந்தக் கோப்புறைக்குள், எந்தப் பெயரில் இருக்கிறது, அதை எத்தனை முறை கேட்டோம், எத்தனை நட்சத்திரம் கொடுத்தோம், எந்தெந்தப் பட்டியலில் சேர்த்தோம் என்பனவெல்லாம் அந்தப் பதிவேட்டிலே இருக்கின்றன. பாட்டு என்பது வேறோரிடத்தில், தனித்தனிக் கோப்பாக, தன்பாட்டில் கிடக்கிறது. பதிவேட்டில் எழுதியிருக்கும் விலாசமோ ‘சி’ தட்டில் தொடங்கி, கணினியின் உரிமையாளர் பெயருக்குள் புகுந்து, அதற்குள் ‘மியூசிக்’ என்ற கோப்புறையைக் கடந்து செல்லும் நீண்ட விலாசம். பழைய கணினி மூத்த மகன் பெயரிலும் புதியது இளைய மகள் பெயரிலும் இருக்குமாயின், விலாசத்தின் நடுவில் ஒரு சொல் மாறிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக ஆயிரக்கணக்கான பாட்டுகள் காணாமற்போனவை போலத் தோன்றுகின்றன.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. பழைய கணினியிலும் புதியதிலும் பாட்டுகள் இருக்கும் விலாசம் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாயிருக்கும்படி வைத்துவிட்டால், பதிவேடு தானாகவே அவற்றைக் கண்டுகொள்ளும். ஆகையால், மாற்றத் தொடங்குவதற்கு முன்பே, ஒருவர் பெயருக்குள்ளும் புகாமல், ‘டி’ தட்டில் நேராக ‘பாட்டு’ என்றொரு கோப்புறையை அமைத்துக்கொள்வது உத்தமம். ஐடியூன்ஸ் உபயோகிப்போர், பல இடங்களிலும் சிதறிக்கிடக்கும் பாட்டுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் ‘கன்சொலிடேட்’ என்னும் கட்டளையைப் பழைய கணினியிலேயே கொடுத்து, பிறகு ஐடியூன்ஸ் கோப்புறை முழுவதையும், பதிவேட்டோடு சேர்த்து, புதியதில் கொண்டுபோய் வைத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செயலியைத் திறந்தால், எந்த லைப்ரரியை எடுத்துக்கொள்வது என்று அதுவே கேட்கும். ‘எம்3யூ’ என்ற வகையில் சேமித்துவைத்த பாட்டுப் பட்டியல்கள் இன்னும் எளியவை; அவை வெறும் எழுத்துக்கோப்புகள். நோட்பேட்டில் திறந்து பழைய விலாசத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு ஒரேயடியாக மாற்றிவிடலாம்.

செயலி தன்னிஷ்டப்படி கோப்புறைகளை ஒழுங்குசெய்ய விடுவதா என்பது பற்றி என் அபிப்பிராயம் வேறு. மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட அந்த ஒழுங்கு, பாடகர் பெயரால் ஒரு கோப்புறையையும் அதற்குள் தொகுதியின் பெயரால் இன்னொன்றையும் உண்டாக்குவது. நம்மவர் சினிமாப் பாட்டைத் தேடுவது படத்தின் பெயராலும் இசையமைப்பாளர் பெயராலும். ஒரு படத்தில் ஐந்து பாட்டுக்கு ஐந்து பாடகர் இருந்தால், அந்தப் படம் ஐந்து கோப்புறைகளாகப் பிரிந்து ஐந்து மூலைகளுக்குப் போய்விடுகிறது. இணையத்திலிருந்து இறக்கிய பாட்டுகளிலோ பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பாட்டை இறக்கிய தளத்தின் விளம்பரமே எழுதப்பட்டிருக்கும். அந்த விளம்பரத்தின் பெயரால் ஒரு பெரிய கோப்புறை எழும்பி நிற்கும். ‘அல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை எழுதிவைப்பதும், தானியங்கி ஒழுங்கை அணைத்துவிட்டுக் கோப்புறைகளை நம் கையாலேயே படத்தின் பெயரால் அமைத்துக்கொள்வதும் எனக்குச் சரியாகப்படுகிறது. செயலிகளுக்கு ஆயுள் குறைவு. 1997 இல் பிறந்த வின்அம்ப்பை இன்றைய இளைஞர் அறியார். 2001 ஜனவரியில் வெளிவந்த ஐடியூன்ஸைக்கூட, 2019 இல் ஆப்பிள் நிறுவனம் தன் மெக் கணினிகளில் பல துண்டாகப் பிரித்துவிட்டது. கோப்போ நிலைத்திருக்கிறது. 1995 ஜூலையில் ‘எம்பி3’ என்ற பெயரைப் பெற்ற ஒலிக்கோப்பு வகையை இன்று எந்தச் சாதனமும் வாசிக்கும். அதன்மேல் இருந்த காப்புரிமைக்கான உரிமக் கட்டண ஏற்பாடும் 2017 இல் முடிந்துவிட்டது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் இந்த விஷயத்துக்கு வேறொரு முகம் இருக்கிறது. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

தோட்டத்து வீட்டுக் கணினி ஒன்றின் பாட்டுச் சேகரத்தைத் திறந்து பார்த்தால், அதில் காலம் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது தெரியும். 1949 இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்று, 1972 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக வழங்கிவரும் வானொலி காற்றில் கொண்டுவந்து சேர்த்த பழைய சினிமாப் பாட்டுகள் ஓர் அடுக்கு. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் கடைகளில் காத்திருந்து வாங்கிய எண்பதுகளின் பாட்டுகள், பிறகு ஒரே சீடியில் நூற்றைம்பது பாட்டு என்று பஸ் நிலையத்தில் விற்ற காலத்தவை, அதன் பிறகு போனுக்குப் போன் கைமாறியவை என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே போகும். இவற்றில் எது தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. உலகத்தில் வேறெங்காவது அதன் பிரதி ஆயிரக்கணக்கில் உண்டு. அடியிலே, ‘புதிய கோப்புறை (2)’ என்ற பெயருக்குள், ‘ஓடியோ 0043’ என்றும் ‘வொய்ஸ் 007’ என்றும் இலக்கமிட்டுக் கிடப்பவைதாம் வேறெங்கும் பிரதியில்லாதவை. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் வேஷங்கட்டி ஆடும் காமன் கூத்தில் இரவு முழுவதும் அடித்த தப்பின் ஒலி அதில் இருக்கும். அர்ச்சுனன் தபசில் மரமேறும்போது பாடிய பாட்டு இருக்கும். இழவு வீட்டில் ஓர் அம்மாயி சொல்லியழுத ஒப்பாரியும், பேரப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அவளே பாடிய தாலாட்டும் இருக்கும். பதிவு செய்தவர் யார், பாடியவர் யார், எந்தத் தோட்டத்து எந்த டிவிஷன் என்பது அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும். கோப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

மலையகத்துப் பாட்டுகளைச் சேகரிக்க வேண்டுமென்று நினைத்தவர்கள் இல்லாமலில்லை. வட்டகொடைக்கு அருகிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தொழிற்சங்க வேலையாகத் தோட்டந்தோறும் திரிந்த காலத்தில் கேட்ட பாட்டுகளை எழுதிவைத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக 1983 இல் வெளிவரச் செய்தார். அதற்கு முன்பே தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், ஹட்டனை மையமாக வைத்து நடந்த தொழிற்சங்கக் கூட்டங்களில் தொழிலாளர் நிலையைப் பாட்டாகப் பாடியும், அந்தப் பாட்டுகளைச் சிறு நூலாக அச்சிட்டும் பரப்பினார். இந்த முயற்சிகளின் பெருமையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆயினும் அச்சுக்கு வருவது சொல் மாத்திரமே. எந்த இடத்தில் குரல் இழுபட்டது, எந்த இடத்தில் மூச்சு நின்றது, பின்னால் தப்பு எந்த அடைவில் ஒலித்தது என்பவற்றைத் தாளில் பிடித்துவைக்க வழியில்லை. பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் சாதாரண நொக்கியா போன் ஒன்று, தான் செய்வது இன்னதென்று அறியாமலே, அதைப் பிடித்துவைத்திருக்கிறது.

அந்தப் போன்கள் குரலைப் பதிந்தது ‘ஏஎம்ஆர்’ என்ற வகைக் கோப்பில். தொலைபேசிப் பேச்சுக்காக வகுக்கப்பட்ட முறை அது. சீடியில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுவார்களாயின், இதில் 8,000 தடவைதான். தப்பின் கூர்மையான அடி அதில் மழுங்கித்தான் கேட்கும். குரல் மட்டும் தெளிவாக இருக்கும். ஒரு நிமிஷப் பதிவுக்கு நூறு கிலோபைட்டுக்கும் குறைவான இடமே பிடிக்கும். ஐந்து மெகாபைட் கொள்ளும் சினிமாப் பாட்டு ஒன்றின் இடத்தில் இத்தகைய தாலாட்டுகள் ஐம்பது நிமிஷத்துக்கு அடங்கிவிடும். இவ்வளவு சிறியது என்பதும், ஐடியூன்ஸ் போன்ற பாட்டுச் செயலிகள் இந்த வகையைத் தம் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்பதும் சேர்ந்துதான் விபரீதத்தை உண்டாக்குகின்றன. ‘லைப்ரரியை மாற்றிவிட்டேன்’ என்று செயலியை மாத்திரம் நம்பி மாற்றியவருடைய புதிய கணினியில் நாலாயிரம் சினிமாப் பாட்டும் வந்து சேர்ந்திருக்கும். பதிவேட்டில் ஒருநாளும் பெயர் ஏறாத அம்மாயியின் குரல் பழைய கணினியோடு பழைய இரும்புக்காரனிடம் போய்விடும். அங்கே ஆச்சரியக்குறிகூட எழுவதில்லை. இல்லாததை யாரும் தேடப்போவதில்லை.

ஆகவே, வேலையைத் தலைகீழாகத் தொடங்கவேண்டும் என்பது என் யோசனை. பெரிய கோப்புறைகளை முதலில் அனுப்பிவிட்டுச் சில்லறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பதே மனித சுபாவம். பழைய வன்தட்டோ வயதானது. அதை மணிக்கணக்கில் இடைவிடாமல் வாசிக்கும்போது, அது கடைசியாகச் செய்யும் வேலை அதுவாகவே இருந்துவிடவும் கூடும். டிக் டிக் என்று ஒரு தட்டும் ஓசை அதிலிருந்து கேட்கத் தொடங்கினால், மறுபடி மறுபடி அணைத்துப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. எனவே கணினியின் தேடு பெட்டியில் ‘ஏஎம்ஆர்’, ‘3ஜிபி’, ‘வேவ்’, ‘எம்4ஏ’ என்னும் வகைகளை ஒவ்வொன்றாகத் தேடி, அகப்பட்டவற்றையெல்லாம் முதலில் ஒரு பென் டிரைவுக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து நிமிஷ வேலை. அதன் பிறகு தட்டு போனாலும் போகட்டும்.

கொண்டுபோகும்போது ‘கட்’ செய்யாமல் ‘கொப்பி’ செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். மலைப்பக்கத்து மின்சாரத்தை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் கடந்துபோயிற்று என்றாலும், காற்று வலுத்து ஒரு சவுக்கு மரமோ கருப்பந்தேயிலை மரமோ கம்பியில் சாய்ந்தால் இன்றும் இருட்டுத்தான். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் கேத்தலும் ஒன்றாக வேலைசெய்யும்போது மின்னழுத்தம் இறங்குவதும் சகஜம். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். பழைய கணினியிலிருக்கும் யூஎஸ்பி 2 துளையின் வழியே விநாடிக்கு முப்பது மெகாபைட் போகும் என்று வைத்துக்கொண்டால், நூறு கிகாபைட் பாட்டு ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேரும். சிறு கோப்புகள் மலிந்திருந்தால் இன்னும் தாமதம். இதையே இணையத்தின் வழியே மேகக் கிடங்கு ஒன்றுக்கு ஏற்றி மறுபக்கம் இறக்கிக்கொள்ளலாமே என்று பட்டணத்துப் பிள்ளைகள் யோசனை சொல்வார்கள். விநாடிக்கு ஐந்து மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அதே நூறு கிகாபைட்டை ஏற்றி முடிக்க நாற்பத்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். டேட்டாவுக்கான பணமும் வேண்டும். பனிமூட்டத்தில் சிக்னல் போய்வரும் தோட்டத்துக்கு அது உகந்த யோசனையன்று.

பென் டிரைவையோ வெளி வன்தட்டையோ உபயோகிக்கும்போது நேரும் சில்லறைத் தடைகள் இரண்டுண்டு. பல பென் டிரைவுகள் ‘ஃபாட்32’ என்ற அமைப்பில் வருகின்றன; நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை அது ஏற்காது. பாட்டுக்கு இது பொருட்டில்லை. விடியவிடியப் பிடித்த காமன் கூத்து வீடியோ வரும்போதுதான் அகப்படும். ‘எக்ஸ்ஃபாட்’ அமைப்புக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. மற்றொன்று, விண்டோஸில் ஒரு கோப்பின் முழு விலாசமும் 260 எழுத்துக்குள் அடங்கவேண்டும் என்ற பழைய விதி. தமிழில் விரிவாகப் பெயரிட்டு, கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிச் செல்பவர்களுக்கு, மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகக் கணக்கிடப்படுவதால், இந்த எல்லை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

மலைக்குளிரையும் ஈரத்தையும் மறக்கக்கூடாது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது; மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலுமாரிக்குள் வைத்த சேலையிலும் பூஞ்சணம் பிடிக்கும். கசெட் நாடாவிலும் சீடியின் முகத்திலும் அது பிடிக்கும். மழையில் நனைந்த பையிலிருந்து எடுத்த குளிர்ந்த வன்தட்டை, அடுப்பெரியும் காம்பராவுக்குள் கொண்டுவந்த கையோடு செருகாமல், ஈரம் வற்றும்வரை கொஞ்ச நேரம் வெளியில் வைத்திருப்பது நல்லது. கணினிக்குள் இன்னும் ஏறாத பழைய கசெட் வீட்டில் இருந்தால், கணினி மாறும் இந்தச் சமயத்தில் அதையும் ஏற்றிவிடலாம்: நல்ல நிலையிலுள்ள ஒரு செட்டின் ஒலி வெளிவரும் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி கொடுத்து, ‘வேவ்’ வகையில் பதிந்தால், அறுபது நிமிஷக் கசெட்டுக்கு அறுநூறு மெகாபைட் அளவுக்கு இடம் பிடிக்கும். கசெட் ஓடும் நேரம் முழுவதும் கூடவே இருக்கவேண்டும். வேகமாக ஓட்டிப் பதியும் குறுக்குவழி வேண்டாம்.

போய்ச் சேர்ந்தது முழுவதும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அடுத்த காரியம். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்தப் பைட்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது போதும். விலைமதிப்பற்ற பதிவுகளுக்கு மட்டும் இன்னொரு படி மேலே போகலாம். ‘ஷா-256’ என்னும் கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதன் ஒவ்வொரு பைட்டையும் வாசித்து அறுபத்து நான்கு எழுத்துள்ள ஒரு வரியாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரேயொரு பிட் மாறியிருந்தாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். பழையதற்கும் புதியதற்கும் அந்த வரி ஒன்றாயிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

திகதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு கோப்பைப் பிரதி செய்யும்போது, அது ‘உண்டான’ திகதியாக விண்டோஸ் இன்றைய திகதியை எழுதிவிடுகிறது. ‘மாற்றப்பட்ட’ திகதியை மாத்திரம் பழையபடியே விட்டுவைக்கிறது. தாலாட்டு எந்த வருஷம் பதிந்தது என்பதற்கு அந்தத் திகதியைத் தவிர வேறு சாட்சியம் அநேகமாக இராது. ஆகையால் பதிவைத் திறந்து வெட்டி ஒட்டிச் சேமிப்பதற்கு முன்பு, போனின் கடிகாரம் அக்காலத்தில் சரியாகத்தான் இருந்ததா என்ற யோசனையோடு, அந்தத் திகதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஏஎம்ஆர்’ கோப்பைக் கேட்பதற்கு வசதியாக ‘எம்பி3’ ஆக மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் மாற்றியபின் மூலத்தை அழிப்பது தகாது. ‘எம்பி3’ ஐ மறுபடி ‘எம்பி3’ ஆகச் சுருக்குவதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஒலியில் கொஞ்சம் போகும், போனது திரும்பாது.

இனிப் பெயர். ஒலிக்கோப்பின் உள்ளேயே பாட்டின் பெயர், பாடியவர் பெயர் முதலியவற்றை எழுதிவைக்க ஓரிடம் உண்டு. 1996 இல் அதை முதன்முதல் வகுத்தபோது, கோப்பின் கடைசியில் 128 பைட்டை ஒதுக்கி, அதில் பாட்டின் பெயருக்கு முப்பது பைட்டைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்துக்கு முப்பது எழுத்து. யூனிகோட் தமிழை இன்று வழக்கிலுள்ள யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஓரெழுத்துக்கு மூன்று பைட் வேண்டியிருப்பதால், புள்ளியையும் கொம்பையும் சேர்த்து எண்ணிப் பத்தெழுத்துத்தான். பின்னால் வந்த பதிப்புகளில் இந்தக் குறை நீங்கிவிட்டது. ஆனால் யூனிகோட் பரவுவதற்கு முன், இலங்கையில் தமிழ் தட்டச்சுச் செய்தவர்களில் பெரும்பாலோர் பாமினி எழுத்துருவிலேயே எழுதினார்கள். பாமினியில் தமிழ் எழுத்தென்று கணினிக்கு எதுவும் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் தோன்றும் ஏற்பாடு மாத்திரமே. அதனால் பழைய கணினியில் ‘அம்மா’ என்று எழுதிவைத்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில், ஆங்கிலத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று வந்து நிற்கும். இப்படி அரைப்புள்ளி இடையிட்ட அர்த்தமில்லாத ஆங்கிலம் கண்ணில் பட்டால், கெட்டுப்போன கோப்பென்று அழித்துவிடவேண்டாம். அது பாமினித் தமிழ். சுரதா உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகளில் ஒட்டினால் அடுத்த நொடியில் யூனிகோட்டில் வாசிக்கலாம்.

அம்மாயியின் பாட்டுக்கு எந்த எழுத்துருவிலும் பெயர் எழுதப்பட்டிருக்காது. அதைப் புதிதாகத்தான் எழுதவேண்டும்; எழுதுவதற்கு வேண்டியதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதவேண்டும். கோப்புகளை மாற்றி முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மூத்தவர்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினால், “இது நம்ம மேட்டு லயத்துக் கிழவி பாடுனதுல்ல, அவ மக கல்யாணத்துக்குப் பெறகுதான் செத்தா” என்று ஒரு வாக்கியம் வரும். அந்த வாக்கியத்துக்குள் பாடியவரும் இடமும் காலமும் மூன்றும் இருக்கின்றன. யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்ன சந்தர்ப்பம், ஏறத்தாழ எந்த வருஷம் என்ற ஐந்தையும் கோப்பின் பெயரிலேயே சுருக்கமாகவும், பக்கத்தில் ஓர் எழுத்துக்கோப்பில் விரிவாகவும் எழுதிவைத்தால், செயலி மாறினாலும் கணினி மாறினாலும் அந்தத் தகவல் பாட்டோடு கூடவே போகும்.

ஒரு வீட்டில் ஒரு கணினியில் மட்டும் வைத்திருப்பது சேமிப்பாகாது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டிய சரிவுகளில்தான் லயங்கள் பல இருக்கின்றன. வேறு ஊரில், வேறொரு வீட்டில், இன்னொரு பிரதி இருக்கவேண்டும். மலையகக் குடும்பங்களுக்கு இதில் ஒரு விசித்திரமான சௌகரியம் உண்டு. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்ததன் விளைவாக, தலைமன்னாரில் கப்பலேறிப் போன சித்தப்பாவோ பெரியம்மாவோ நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், மறுபடியும் தேயிலைக்கு நடுவிலேயே குடியிருக்கிறார்கள். இந்தப் பாட்டுகளைக் கேட்டு உடனே அடையாளங் கண்டுகொள்ளக்கூடியவர்கள் அவர்கள். பிரதியைக் காப்பாற்றுவதற்கும் அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாட்டாக அனுப்பாமல் ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பவேண்டும். அப்போதுதான் கோப்பு, பெயரும் உள்ளடக்கமும் மாறாமல் போய்ச் சேரும். வீட்டாருக்குச் சம்மதமானால், 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ ஒலிப்பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. இழவு வீட்டில் அழுத குரலைப் பொதுவில் வைக்கலாமா என்பதை அந்தக் குடும்பத்தாரே தீர்மானிக்கவேண்டும். கணினி தெரிந்த பிள்ளை தீர்மானிக்கக்கூடாது.

புதியதில் எல்லாம் பாடுகிறது என்று கண்ட அன்றைக்கே பழைய கணினியை அழித்துவிடாமல் சில மாதம் வைத்திருக்கலாம்; விட்டுப்போனது என்று ஒன்று ஞாபகத்துக்கு வருவதற்கு அவ்வளவு காலமாவது பிடிக்கும். பிறகு விற்பதானால், வன்தட்டைக் கழற்றிக்கொண்டு விற்பதே என் யோசனை. நான்கு திருகாணி, இரண்டு கம்பி. வீட்டில் யாரும் செய்யலாம். கழற்றிய தட்டை ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, என்றைக்குக் கழற்றியது, யாருடைய பாட்டுகள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்பதை ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி மேலே ஒட்டிவிடலாம். வன்தட்டு இல்லாத கணினிக்கு வாங்குகிறவர் விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார், குறைத்துக் கொடுத்துவிடலாம்.